சதுரத்துக்கு எவ்வளவுங்க?

மார்கழி பிறந்துவிட்டால் என் போனுக்கு வரும் முதல் கேள்வி இதுதான். "அக்கா, வீடு டீப் கிளீனிங் பண்ணணும், சதுரத்துக்கு எவ்வளவுங்க?" கொத்தனாரும் பெயின்டரும் சதுரத்திலேயே பேசிப் பேசி, நம் ஆட்களுக்கு வீடு என்றாலே அந்தக் கணக்குதான் வாயில் வருகிறது. நூறு சதுர அடி ஒரு சதுரம். மூன்று வருடம் முன்புவரை நானும் யோசிக்காமல் பதில் சொல்வேன்: சதுரம் 600 ரூபாய். வடவள்ளியில் ஒரு வீடு அந்தப் பழக்கத்தை விட வைத்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தேன். கொரோனாவுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு, கூட இருந்த நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீடுகளைச் சுத்தம் பண்ணிக் கொடுக்க ஆரம்பித்தேன். தரை தேய்க்கிற சிங்கிள் டிஸ்க் மெஷின் ஒன்று, தண்ணியை உறிஞ்சுகிற ஈர வேக்வம் ஒன்று, இரண்டு அலுமினிய ஏணி. சாமான் எல்லாம் ஒரு லோடு ஆட்டோவில் அடங்கிவிடும்.

வடவள்ளி வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டது அந்த வீட்டுப் பையன். பெங்களூரில் இருக்கிறார். அம்மா மட்டும் தனியாக இங்கே. "14 சதுரம், ரெண்டு பெட்ரூம், ரெண்டு பாத்ரூம். பொங்கலுக்கு எல்லாரும் வர்றோம்." எந்தத் தண்ணி என்று கேட்டேன். "சிறுவாணிங்க அக்கா" என்றார். சிறுவாணி என்றால் எனக்கு நிம்மதி. குழாயடியில் கறை கட்டாது, பாத்ரூம் அரை நாளில் முடியும். 8,400 ரூபாய் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். நாலு பேருக்கு ஒன்றரை நாள் சம்பளம் 4,800, ஆட்டோ 1,100, மருந்து சாமான் 800, சாப்பாடு டீ 750. கைக்கு 950 நிற்கும். அப்போது அது போதும் என்று இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. சமையல்கட்டுக் குழாயில் வந்தது சிறுவாணிதான். இரண்டு பாத்ரூமிலும் போர் தண்ணி. இருபது வருடமாக வெளியூரில் இருக்கிறவருக்கு ஞாபகத்தில் நின்றது குடிக்கிற தண்ணி மட்டும். இங்கே முக்கால்வாசி வீடுகளில் நல்ல தண்ணிக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணிக்கு ஒரு குழாய். எனக்குத்தான் அது தோன்றியிருக்க வேண்டும்.

குழாயைச் சுற்றி வெள்ளையாக, விரல் நகம் அளவு கனத்தில் உப்பு ஏறியிருந்தது. அதற்குச் சிட்ரிக் ஆசிட் தூளைச் சுடுதண்ணியில் கரைத்து, துணியை நனைத்துக் குழாயில் சுற்றி, அரைமணி நேரம் விட்டுவிட வேண்டும். பிறகு பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். அவசரப்பட்டு ஸ்டீல் நார் போட்டால் குரோம் போச்சு. குழாய் எப்படியோ வெளுத்துவிட்டது, தரைதான் மாட்டிக்கொண்டது. மொசைக் தரை. யாரோ முன்பு வேலைக்கு இருந்தவர்கள் கடையில் விற்கிற பாத்ரூம் ஆசிட்டை வாரா வாரம் ஊற்றியிருக்கிறார்கள். மொசைக் என்பது சிமென்டும் மார்பிள் சில்லும். இரண்டையும் ஆசிட் தின்னும். சந்தேகம் இருந்தால் கதவுக்குப் பின்னால் ஒரு சொட்டு எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து பாருங்கள், பொடிப் பொடியாக நுரைக்கும். நுரைத்தால் அந்தத் தரைக்கு ஆசிட் ஆகாது. அந்த பாத்ரூமில் பாலீஷ் போய், கையை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. அந்த வெளுப்பு அழுக்கே இல்லை, தரையே அரித்துப்போனது. தேய்த்தால் போகாது, மெஷின் வைத்து மறுபடி பாலீஷ் போட வேண்டும், அது வேறு ஆள் வேலை. இதைப் பெரியம்மாவுக்கு விளக்கவே கால்மணி நேரம் போனது. "அவ்வளவு ஆசிட் ஊத்தியும் போகலியே அம்மணி" என்கிறார்.

(ஆசிட் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளீச்சிங் பவுடர் தூவிய இடத்தில் ஆசிட் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். ஆரம்பத்தில் ஒரு வீட்டில், முந்தின நாள் பவுடர் தூவியதை வீட்டுக்காரர்கள் சொல்லாமல் விட்டதில் எங்கள் பெண் ஒருத்தி அரைநாள் இருமிக்கொண்டே இருந்தாள். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை பாத்ரூமில் வெறும் தண்ணி ஊற்றி அலசுவதுதான்.)

சமையல்கட்டு எதிர்பார்த்த மாதிரிதான். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் பிசுக்கு வெல்லப் பாகு பதத்தில். சலவை சோடா, சுடுதண்ணி, காத்திருப்பு. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

கணக்கைக் கவிழ்த்தது அட்டாலி. மற்ற ஊரில் பரண், லாஃப்ட் என்பார்கள். நாற்பது சதுர அடி இருக்கும், அரைச் சதுரம்கூட இல்லை. என் ரேட்டில் அதன் விலை 240 ரூபாய். அதற்கு ஒரு நாள் முழுக்கப் போனது.

பெரியம்மா ஏணிக்கு அடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மேலே ஒருத்தி, ஏணியைப் பிடிக்க ஒருத்தி. முதலில் ஒரு செப்புக் குண்டா இறங்கியது. "யாரு பேரு போட்டிருக்குதுன்னு பாரு அம்மணி." கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து, அழுக்கில் தெரியவில்லை. புளி வைத்துத் தேய்த்த பிறகு ஒரு பெயரும் 12-6-68 என்ற தேதியும் தெரிந்தன. "எங்கம்மா சீர் குடுத்தது. மேல வையி." அடுத்தது ஒரு பித்தளை போசி. அது நாத்தனாருடையதாம், எப்படி இங்கே வந்தது என்று ஒரு கதை. அப்புறம் கைப்பிடி இல்லாத குக்கர் மூன்று, ஹார்லிக்ஸ் பாட்டில் பத்துப் பன்னிரண்டு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு, பையனின் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டு. ஒவ்வொன்றும் இறங்கி, துடைத்து, பார்த்து, பேசி, திரும்ப மேலே ஏறியது. சாயங்காலம் வெளியே போனது ஒரு சாக்கு பழைய பேப்பர் மட்டும்.

நானும் குறுக்கே பேசவில்லை. "சீக்கிரம் முடிவு பண்ணுங்க பெரியம்மா" என்று எந்த வாயால் சொல்வது?

ஒன்றரை நாள் மூன்று நாளானது. சம்பளம் 9,600, ஆட்டோ 1,100, மருந்து சாமான் 1,300, சாப்பாடு 1,500. மொத்தம் 13,500. என் கையிலிருந்து 5,100 போனது, என் மூன்று நாள் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல். பையன் பேசிய 8,400-ஐ அன்றே அனுப்பிவிட்டார். தப்பு என்னுடையது, அதிகம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு போனில் நான் விலை சொல்வதில்லை. நேரில் போய்ப் பத்து நிமிடம் பார்ப்பேன். கூடத்தையும் பெட்ரூமையும் பெரிதாகப் பார்ப்பதில்லை, அங்கே வேலை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அடுப்புக்கு மேலே இருக்கிற கப்போர்டின் மேல்பக்கம் கட்டைவிரலை வைத்து இழுப்பேன். குழாயடியைக் குனிந்து பார்ப்பேன். சுவர் டிஸ்டெம்பரா என்று ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்ப்பேன். துணியில் நிறம் ஒட்டினால் அந்தச் சுவருக்கு ஒட்டடைக் குச்சி மட்டும்தான். ஜன்னல் கிரில் பூப்போட்ட டிசைனா நேர் கம்பியா என்பதில் மட்டும் இரண்டு மணி நேர வித்தியாசம் வரும். பிறகு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று எழுதிக் கொடுப்பேன். ஆள் கணக்கைக் காட்டிவிட்டால் பேரம் பேசுகிறவர்கள்கூட "ரெண்டு ஆளு குறைச்சா எதை விடுவீங்க?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். பெரிய கம்பெனிகள் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துச் சொல்வார்கள். என் வரவு வருடத்துக்கு 20 லட்சத்துக்கு ரொம்பக் கீழே, அதனால் எனக்கு அது இல்லை. இந்த ஒன்றில்தான் நான் அவர்களைவிட மலிவு.

அட்டாலி தனி. மணிக்கு 450, இரண்டு பேருக்கும் சேர்த்து. சும்மா சாமான் எடுத்துத் துடைத்து வைப்பதற்கு எதுக்கு மணிக் கணக்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். துடைக்கிறதுக்கு இல்லைங்க, நீங்க யோசிக்கிறதுக்கு என்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் போனை வைத்துவிடுவார்கள்.

போன வாரம் வடவள்ளிப் பெரியம்மாவே கூப்பிட்டார். வீட்டைத்தான் தெரியுமே என்று போகாமலே கணக்குப் போட்டேன். நாலு பேர், இரண்டு நாள், இப்போதைய சம்பளம் 850 வீதம் 6,800. ஆட்டோ 1,200, மருந்து 1,200, சாப்பாடு 1,000, எனக்கு 2,300. மொத்தம் 12,500, அட்டாலி மணிக் கணக்கு என்றேன்.

"அட்டாலி வேண்டாம் அம்மணி. அங்க என்ன அழுக்கு இருக்குது, அதான் அன்னிக்கே தொடச்சாச்சே."

சரிங்க பெரியம்மா, 12,500-தான் என்றேன்.

"ம். ஏணிய மட்டும் எடுத்துட்டு வந்துரு."