துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள்

ஆகஸ்ட் 2, சனி. கொழிஞ்சாம்பாறை

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று ராத்திரி முழுவதும் வீசித் தள்ளியது. காலையில் பாத்திரத்தைத் திறந்தால் இட்லி மாவு பாதிதான் பொங்கியிருக்கிறது. அத்தை ரேஷன் அரிசியைத் திட்டினார். பாவம், அரிசி என்ன செய்யும்? மாவைப் புளிக்க வைக்கும் லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவை யாரும் கடையில் வாங்கி வருவதில்லை. உளுந்தோடு ஒட்டிக்கொண்டு அதுவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஊறியதும் பெருகுகிறது. அது விடும் கரியமில வாயுவில் மாவு பொங்குகிறது. அது சுரக்கும் அமிலத்தில் மாவு புளிக்கிறது. அந்தப் புளிப்பில் பல கெட்ட கிருமிகளுக்குத் தலையெடுக்க வழியில்லை. பஸ் ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போன்ற வேலைதான். குளிரில் அதன் பெருக்கம் மந்தமாகிவிடும், அவ்வளவே. இட்லி மதியத்துக்குத் தள்ளிப்போனது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எங்கள் சித்தூர் தாலுகாவில் நுண்ணுயிர்ப் பாடம் நடத்த ஆய்வகம் எதற்கு? தென்னந்தோப்பு போதும். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் கேரளத்திலோ எங்கள் தோப்புக் கள் வண்டி ஏறிப் பல மாவட்டங்களுக்குப் போகிறது. கள்ளைப் பள்ளிக்குள் கொண்டுபோனால் தலைமையாசிரியருக்கு யார் பதில் சொல்வது? அதனால் நுண்ணோக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

மரமேறும் அண்ணன் இரண்டு முட்டிகளை இறக்கிக் கொடுத்தார். ஒன்றின் உட்புறம் சுண்ணாம்பு தடவியது, மற்றொன்று தடவாதது. இரண்டும் ஒரே மரத்துப் பாளையில் சொட்டியவை. சுண்ணாம்பு முட்டியில் தெளுவு, அதாவது புளிக்காத பதநீர். வாயில் வைத்தால் வெறும் இனிப்பு. மற்றதில் நுரை பொங்கி வழிந்தது. காது வைத்துக் கேட்டால் பொரிகிற சத்தம்.

பாளைக்குள் ஊறும் சாற்றில் கிருமி கிடையாது என்றே சொல்லலாம். வெளியே சொட்டிய நொடியில் காற்றும், ஈயும், பழைய முட்டியின் சுவரும் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் சேர்த்துவிடுகின்றன. சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக்குவதில் ஈஸ்ட்டுக்குப் போட்டியாக சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் இருக்கிறது. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உள்ளதாக மாற்றிவிடுவதால் இவை பெருக முடிவதில்லை. இரண்டு நாள் வைத்துவிட்டால் அடுத்த கூட்டம் வரும்: அசிட்டிக் அமில பாக்டீரியா. அவை காற்றின் துணையோடு சாராயத்தைக் காடியாக்கிவிடும், அதாவது வினிகராக. தெளுவு, கள், காடி மூன்றுக்கும் மூலம் ஒரே சாறுதான். யார் குடியேறினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு சொட்டுக் கள்ளைக் கண்ணாடித் துண்டில் வைத்து 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். முட்டை வடிவ ஈஸ்ட்டுகள். சிலவற்றின் விலாவில் குட்டியாக ஒரு மொட்டு. அவற்றுக்கு நடுவே துடிக்கும் புள்ளிகள் பாக்டீரியா. அண்ணனும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, “டீச்சர், இத்தனையும் வயிற்றுக்குள்ளே போகிறதா?” என்றார். போகிறது என்றேன். அப்பத்துக்கென்று ஒரு குவளையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த நுரைதான் அப்பத்தை உப்ப வைப்பது.

பாக்டீரியாவை முதலில் கண்டவர் லேவன்ஹூக், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி. 1676-இல் மிளகுக்குக் காரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தபோது அகப்பட்டவை அவை. அப்போது கொச்சி டச்சுக்காரர் கையில்தான் இருந்தது. மிளகு நம்முடையது, ரசம் வைத்ததும் நாம். உற்றுப் பார்த்தவர் மட்டும் வேறொருவர்.

ஆகஸ்ட் 6, புதன்

வடகரப்பதிப் பக்கம் சித்தப்பா தோட்டம். நிலக்கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறினோம். வேரெல்லாம் கடுகும் மிளகுமாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே ரத்தச் சிவப்பு. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம்தான் அந்த நிறம். உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. அந்த வேலைக்கு ஆக்சிஜன் ஆகாது. பாக்டீரியா மூச்சு விடவோ ஆக்சிஜன் வேண்டும். அளந்து அளந்து கொடுப்பது இந்தச் சிவப்புப் புரதம். இங்கே செடியே அறை கட்டி, சர்க்கரையும் கொடுத்துக் குடிவைத்திருக்கிறது. விதைக்கும்போது ரைசோபியம் என்ற இந்த முடிச்சு பாக்டீரியாவின் பொட்டலத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதைக்குப் பூசியதாகச் சித்தப்பா சொன்னார். சரியான ஆள் முந்திக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. முடிச்சு உள்ளே பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அதில் வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 9, சனி

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடும் நாள். இங்கே யாருக்கும் இடம் தருவதாக இல்லை. 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர். சுமார் 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான கணக்கு, ஆக ஏறக்குறைய 24 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கினோம். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் இறைக்கவில்லை.

மீதிப் பவுடரைக் கழிப்பறையில் கொட்டிவிடட்டுமா, நாற்றம் போகுமே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று தடுத்தேன். செப்டிக் தொட்டியில் கழிவைத் தின்று கரைப்பவர்களும் பாக்டீரியாக்கள்தான். அவர்களைக் கொன்றுவிட்டால் தொட்டி சீக்கிரம் நிரம்பும், லாரிக்குக் காசு கொடுக்க வேண்டியது அக்காதான்.