அந்தப் பையன் ஈஎஸ்ஐ கேட்டப்ப

திருப்பூர்ல எந்த டீக்கடையில நின்னாலும் ஒரே பேச்சுதான், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையலப்பா". நானும் இதை நிறைய தடவை சொல்லியிருக்கேன். இப்ப சொல்றதில்ல.

நான் ஒரு பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். 2025 ஜூன்ல ஒரு பையன் வேலை கேட்டு வந்தான், டிகிரி முடிச்சவன், 22 வயசு. வந்து நின்னதும் "அண்ணே ஈஎஸ்ஐ, பிஎஃப் பிடிப்பாங்களா, ஒன்றரை ஷிப்ட் கட்டாயமா"ன்னு கேட்டான். ஈஎஸ்ஐன்னா தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் பாக்கற காப்பீடு, பிஎஃப்னா சேமநிதி. எனக்கு சுர்ருனு ஏறிருச்சு. மிஷினையே இன்னும் தொடல, அதுக்குள்ள கணக்கு கேக்கறானேன்னு. ஆள் பத்தலங்கறதால சேத்துக்கிட்டேன், ஆனா மனசுல அவனுக்கு ஒரு பேர் வச்சாச்சு, திமிர் புடிச்சவன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. நான் 2006ல தேனியிலிருந்து பஸ் ஏறி வந்தவன், 19 வயசு, பவர்டேபிள்ல, அதாவது தையல் மிஷின் வரிசையில, டெய்லருக்கு துணி மடிச்சுக் குடுக்கற கைமடியா சேந்தேன். காலையில எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரைக்கு வெளிய வருவோம், அதுதான் ஒன்றரை ஷிப்ட், கப்பல் போற அவசரம்னா ரெண்டு ஷிப்ட்டு, ரூமுக்கு வர ராத்திரி ஒரு மணி ஆயிடும். யாரும் வாயத் திறக்க மாட்டோம். அதைத்தான் உழைப்புன்னு நினைச்சுட்டு இருந்தோம். 2011 ஜனவரி கடைசியில நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி கலக்குற கேஸ்ல ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிருச்சு, சாயம் இல்லன்னா துணி ஏது, துணி இல்லன்னா தையல் ஏது. ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னாங்க. ரெண்டு வாரம் ரெண்டு மாசமாச்சு. அஞ்சு வருஷம் உழைச்சதுக்கு என்கிட்ட ஒரு பிஎஃப் நம்பர் இல்ல, நான் அங்க வேலை பாத்தேன்னு சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இல்ல. ஊருக்குப் போக பஸ் காசு கடன் வாங்கினேன். அந்தப் பையன் நின்ன இடத்துல நின்னு நான் 2006ல கேட்டிருக்க வேண்டிய கேள்வியத்தான் அவன் கேட்டான்.

அப்படி என்ன பெருசா கேட்டுட்டான்? 12,000 ரூபா சம்பளத்துக்கு ஈஎஸ்ஐல தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், மாசம் 90 ரூபா. முதலாளி பங்கு 3.25, அதாவது 390. ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்கு சம்பளம்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே இருந்துச்சு. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற மசோதா சட்டசபையில பாஸாகி, எதிர்ப்பு வந்ததும் மே தினத்தன்னைக்கு வாபஸ்னு அறிவிச்சாங்களே, அப்ப நம்ம ஊர்ல நிறைய பேருக்கு அது புரியவே இல்ல, நாமதான் ஏற்கனவே 12 மணி நேரம் பாக்கறோமேன்னாங்க. பழகிப் போச்சு.

அப்புறம் 2025 ஆகஸ்ட் 27லிருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டுச்சு. எங்க கம்பெனிக்கு பாதி ஆர்டர் அங்கதான், வாரம் ஆறு நாள் ஓடினது நாலு நாளாச்சு, சில வாரம் மூணு. இந்த நேரத்துலதான் பெருசுங்க ரொம்ப சொல்றாங்க, வேலை இருக்கறதே பெருசு, இவனுங்க இன்னும் நியாயம் பேசறானுங்கன்னு. எனக்கு அது தப்பாப் படுது. ஆர்டர் கொறஞ்சா முதல்ல வெட்டு விழறது யாரு மேலன்னு எனக்குத் தெரியும், சீட்டு இல்லாதவன் மேலதான்.

ஆனா பசங்க பக்கமும் ஒண்ணு இருக்கு, அதை மறைக்க எனக்கு இஷ்டமில்ல. சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு திங்கக்கிழமை சொல்லாம நின்னுடறாங்க, போனும் எடுக்கறதில்ல. பேட்ச்ல ஒருத்தன் ஓவர்லாக் தையல் அடிச்சாத்தான் அடுத்தவங்க அதுக்கு மேல பேட்லாக் தையல் அடிக்க முடியும், அவங்க முடிச்சாத்தான் செக்கிங், அவன் வரலன்னா பீஸ் ரேட்டுல, அதாவது தைச்ச எண்ணிக்கைக்குக் கூலி வாங்கற அக்காவுக்கு அன்னைக்கு நாள் பூரா வருமானம் போச்சு, அவங்களுக்கு ரெண்டு புள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் இருக்கு. முதலாளிக்காக உடம்ப ஒடச்சுக்கோன்னு நான் எந்தப் பையன்கிட்டயும் இனிமே சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்து மிஷின்ல உக்காந்திருக்கற ஆளப் பத்தி நினைக்காதவன் மேல எனக்கு இன்னமும் கோவம் வரும். இதை அந்தப் பையன்கிட்டயும் சேந்த முதல் வாரமே சொன்னேன். தலையாட்டினான், அவ்வளவுதான்.

இப்ப அவன் ஓவர்லாக் நல்லாவே ஓட்டறான். லீவு விடற நாள்ல பைக் எடுத்துட்டு சாப்பாடு டெலிவரிக்குப் போறான். நேத்து ராத்திரி பத்தே முக்காலுக்கு அவன்கிட்டருந்து மெசேஜ்: "அண்ணே நாளைக்கு வர மாட்டேன், அம்மாவ ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். என் மிஷினுக்கு மூணாவது லைன் அண்ணன்கிட்ட பேசிட்டேன், அக்காவுக்கும் சொல்லிட்டேன்."