சாவியை எடுத்த பிறகும் அணையாத பிரேக் லைட்

ராத்திரி பத்து மணி இருக்கும். வெளியே போய்விட்டு உள்ளே வந்த மனைவி, "வண்டியில யாராவது இருக்காங்களா? பின்னாடி சிவப்பா எரியுதே" என்றாள். போய்ப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது, சாவி என் கையில். பின்னால் இருந்த சுவர் முழுக்கச் சிவப்பு வெளிச்சம்.

பார்க் லைட்டை அணைக்க மறந்துவிட்டேனோ என்றுதான் முதலில் தோன்றியது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். பார்க் லைட்டுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். ஆனால் பின் கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அது பிரேக்குக்கு மட்டுமே எரிவது. அப்புறம் சந்தேகமே இல்லை.

பிரேக் லைட்டுக்குப் பெரும்பாலான வண்டிகளில் சாவி தேவையில்லை, கரண்ட் நேராக பேட்டரியிலிருந்து வரும். என் வண்டியில் மூன்று பல்பும் 21 வாட். மொத்தம் 63 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஐந்து ஆம்பியருக்கு மேல் போகிறது. 45 ஆம்பியர்-அவர் பேட்டரி விடிவதற்குள் படுத்துவிடும். பியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தைப் பார்த்து, பிரேக் லைட் பியூஸைப் பிடுங்கினேன், அணைந்தது. அழுத்திப் பார்த்தபோது ஹாரனும் வேலை செய்யவில்லை, இரண்டுக்கும் அதே பியூஸ்தான். இந்த நிலையில் வண்டியை ரோட்டில் எடுக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்ததுமே, பெடலுக்கு நேர் கீழே தரைவிரிப்பில் பழுப்பு நிறத்தில் நாலைந்து துணுக்குகள் கிடந்தன. செருப்பில் வந்த மண் என்று தட்டிவிடப் போனேன். விரலால் நசுக்கியதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மண் இல்லை, வயதாகி மக்கிப்போன பிளாஸ்டிக்.

சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, மல்லாந்து படுத்து, டார்ச்சோடு தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தேன். பிரேக் பெடலின் தண்டில், மேலே, ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அதற்கு எதிரே பிரேக் லைட் சுவிட்ச், முனையில் உள்ளே வெளியே போய்வரும் ஒரு சின்ன ஊசி. தகட்டின் நடுவில் ஒரு ஓட்டை, அந்த ஊசி ஓட்டை வழியாக அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

இந்த சுவிட்ச் வேலை செய்யும் விதம் தெரிந்தால் மீதி தானாகப் புரிந்துவிடும். பெடலை மிதிப்பது சுவிட்சை அழுத்துவதில்லை. காலை எடுத்திருக்கும்போதுதான் பெடலின் தகடு ஊசியை உள்ளே அமுக்கி வைத்திருக்கும், லைட் அணைந்திருக்கும். மிதித்தால் தகடு விலகும், ஊசி ஸ்பிரிங் வேகத்தில் வெளியே வரும், லைட் எரியும். தகட்டின் ஓட்டையை அடைத்துக்கொண்டு ஊசியைத் தாங்க ஒரு பட்டன் மாதிரியான ஸ்டாப்பர் வைத்திருப்பார்கள். என் வண்டியில் உதிர்ந்தது அதுதான். தாங்க ஆளில்லாததால், பெடலை யாரோ மிதித்துக்கொண்டே இருப்பதாக சுவிட்ச் நினைத்துக்கொண்டிருந்தது.

பியூஸைத் திரும்பப் போட்டு, மனைவியைப் பின்னால் நிற்கச் சொல்லி, ஊசியை விரலால் அமுக்கினேன். "அணைஞ்சிடுச்சு." விட்டேன். "எரியுது." பத்துத் தடவை செய்தும் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. சுவிட்ச் நல்லபடி இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் புது சுவிட்ச் வாங்கிவிட வேண்டாம். அமுக்கியும் அணையாவிட்டால் சுவிட்சின் கனெக்டரைக் கழற்ற வேண்டும். அப்போது அணைந்தால் கோளாறு சுவிட்சில், அப்போதும் எரிந்தால் வயரிங்கில் எங்கோ ஷார்ட்.

புது ஸ்டாப்பர் கைக்கு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் ஓட்டையில் ஒரு நாணயத்தை டேப் போட்டு ஒட்டினேன். மூன்றாவது மிதியிலேயே நழுவியது. பெடலுக்கு அடியில் எதுவும் உருளக்கூடாது, அது உயிர் விஷயம். நாணயத்தை எடுத்துவிட்டு, ஒரு சின்ன போல்ட்டைத் தகட்டின் ஓட்டையில் விட்டு, பின்னால் வாஷரும் நட்டும் போட்டு முறுக்கினேன். லைட் சரியாக அணைந்தது, மிதித்தால் எரிந்தது. வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் ஓட்டியபோது வண்டி எதையோ இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. நியூட்ரலில் வழக்கமாக உருளும் சரிவில் அசையாமல் நின்றது. இறங்கி முன் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனேன், தொடாமலே அனல் அடித்தது. போல்ட்டின் தலை பழைய ஸ்டாப்பரைவிடத் தடிமன். பெடல் முழுசாக மேலே திரும்ப முடியாமல் தலை சுவிட்ச் உடம்பில் முட்டி நின்றிருக்கிறது. அதாவது, வழி முழுக்க லேசாகப் பிரேக் பிடித்தபடியே ஓட்டியிருக்கிறேன். சூடு ஆறியதும் சுவிட்சை அசையாமல் இறுக்கிப் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, சுவிட்சைப் பின்னால் திருகி, பெடலில் பழைய தளர்வு கையில் தெரியும்வரை சரிசெய்தேன். சக்கரம் சுதந்திரமாகச் சுற்றியது. பிரேக்கில் எதைத் தொட்டாலும் பெடலின் தளர்வையும் சக்கரத்தின் சூட்டையும் பார்க்காமல் விடக்கூடாது என்று அன்றைக்குப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் ஸ்டாப்பர் வந்தது. கைச்சட்டைப் பட்டன் அளவுதான். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தால் பெடல் மிதித்த நிலையிலேயே நிற்கும், தகடு சுவிட்சைவிட்டு விலகி விரல் போக இடம் கிடைக்கும். போல்ட்டைக் கழற்றினேன். ஸ்டாப்பரை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, இளகியதும் துடைத்துவிட்டு, ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். 'டப்' என்று உட்கார்ந்தது. போல்ட்டுக்காகப் பின்னால் திருகிய சுவிட்சை முன்னுக்குக் கொண்டுவந்து, ஸ்டாப்பருக்கும் சுவிட்சின் மரைமுனைக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, லாக் நட்டை முறுக்கினேன். இந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருப்பதை வைப்பதே நல்லது.

ராத்திரி சுவருக்குப் பின்பக்கம் காட்டி வண்டியை நிறுத்தி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மிதித்தேன். கால் பட்டதுமே சுவர் சிவந்தது, எடுத்ததும் இருண்டது. அணையாத லைட்டோடு ஓட்டியிருந்தால், எனக்குப் பின்னால் வருபவர்களுக்கு நான் எப்போது பிரேக் பிடிக்கிறேன் என்றே தெரிந்திருக்காது. எரியாத லைட்டைப் போலவே அணையாத லைட்டும் ஆபத்து.

வண்டியைவிட்டு இறங்கும் முன்பு குனிந்து டார்ச்சை கிளட்ச் பெடல் பக்கம் திருப்பினேன். அங்கேயும் அதே மாதிரி ஒரு ஸ்டாப்பர், நடுவில் முடி அளவு விரிசல். பாக்கெட்டில் இரண்டு வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை அதையும் மாற்றுகிறேன்.