அடுத்தாளை வளர்த்த அனுபவம்

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட கல், போடும் பட்டறை ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறேன். ஆர்டர் கூடி, இரண்டாவது கொட்டகைக்குப் பொறுப்பாள் தேவைப்பட்டது. வெளியிலிருந்து ஆள் வேண்டாம், இங்கே இருப்பவரையே வளர்க்கலாம் என்று முதலாளியிடம் கேட்டு, ஒரு தம்பியைத் தேர்ந்தெடுத்தேன். அவனுக்குக் கைவேலை அருமை. ஆனால் அடுத்தவர் வேலையில் குறை கண்டால் வாய் திறக்கமாட்டான், அதைத் தானே திருத்திவிட்டுப் போவான்.

எங்கள் வேலையில் அது ஆகாது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் தூவிச் சாந்து போடுவோம். பூ இருக்கும் பக்கம் கண்ணாடியோடு கீழே கிடக்கும். கல் இறுகிக் கண்ணாடியைப் பிரித்தால்தான் குறை தெரியும். அதற்குள் அதே கை இன்னும் எத்தனையோ கல் போட்டிருக்கும். அப்போது போய் "கல் சரியில்லை" என்றால் யாருக்கு என்ன பயன்? கலவை தண்ணியாகிவிட்டதா, அச்சைத் தூக்கியதில் கோணலா என்று பிரித்துச் சொன்னால்தான் நாளைக்கு மாற்ற முடியும்.

அதனால் கண்ணாடி பிரிக்கும்போது போட்டவரும் பக்கத்தில் இருக்கவேண்டும், முதலில் அவர்தான் பேசவேண்டும் என்று வைத்தோம். ஒருநாள் மூத்த அண்ணன் ஒருவர் போட்ட கல்லில் பச்சை மஞ்சளுக்குள் ஓடியிருந்தது. தம்பி கல்லை அவர் பக்கம் திருப்பி, "நீங்களே பாருங்கண்ணே" என்றான். அவர் இதழோரத்தை விரலால் தடவிவிட்டு, "தூக்கும்போது கை சாஞ்சிருச்சு தம்பி" என்றார். "நாளைக்கு அச்சு எடுக்கும்போது நான் பக்கத்துல நிக்கட்டுமா?" என்று கேட்டான். அவ்வளவுதான், சத்தமே இல்லை.

பாராட்டையும் இப்படியே சொல்லப் பழக்கினேன். "நல்லாருக்கு" போதாது, எது நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லவேண்டும்.

அந்தக் காலத்தில் பர்மா, மலேயாவில் நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகச் சேர்ந்தவர், மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாள் ஆவார். இன்று பல இடங்களில் அந்த நடுப்படியே இல்லை, நல்ல வேலைக்காரரை ஒரே நாளில் மேலாளாக்கிவிடுகிறார்கள். அந்தப் படியைத் தாண்டவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தம்பிக்கும் அந்தப் படி இருந்தது: முதலில் நான் பேசுவதை அவன் கேட்டான், பிறகு அவன் பேச நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பதுதான் கஷ்டமான பகுதி.

கொஞ்ச நாள் கழித்து அவனே வந்தான். "அண்ணே, கண்ணாடி பிரிக்கிற நேரத்துல நீங்க நின்னா எல்லாரும் உங்க முகத்தையே பார்க்குறாங்க. இனிமே வராம இருங்களேன்." எனக்கு அவ்வளவு சந்தோஷம். மேலே இருப்பவரிடமும் காரணத்தோடு சொல்ல வந்துவிட்டதே! அந்த நேரத்தை ஆர்டர் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன்.

இப்போது அந்தக் கொட்டகையில் ஆள் போடுவதும் கல் கழிப்பதும் அவன் முடிவு. தனக்கு அடுத்தாளாக ஒரு அக்காவைச் சொல்லியிருக்கிறான். கல் போடுவதில் அவர் அவ்வளவு வேகமில்லை. ஆனால் புதிதாக வருபவர்கள் சந்தேகம் கேட்பது அவரிடம்தான்.