ஏற்காட்டுப் பாதையில் பாட்டி மடி போதாது

பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காரின் முன்சீட்டில் உட்காருவதை நம் வீடுகளில் பாசம் என்கிறோம். ஒரு பாட்டியாக நானே சொல்கிறேன், வேண்டாம். சேலத்துக்குள்ளேயே அஸ்தம்பட்டி வரை போனாலும் வேண்டாம், ஏற்காட்டுக்குப் போனாலும் வேண்டாம்.

நான் இயற்பியல் நடத்திய ஆசிரியை. கணக்கு இதுதான்: பத்து கிலோ எடையுள்ள குழந்தை, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார். எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வண்டி நின்றால், குழந்தையைப் பிடித்து நிறுத்த நூறு கிலோவுக்கு மேல் தூக்குகிற பலம் வேண்டும். எந்தக் கைக்கு அந்தப் பலம் இருக்கிறது? பிடித்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்றால் அவரும் முன்னால் பாய்வார். நடுவில் நசுங்குவது குழந்தை. ஏர்பேக் விரிந்தால் அந்த அடியும் குழந்தைக்குத்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவு, 14 வயது நிறையாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. எந்த உயரத்துக்கு எந்த இருக்கை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இதில் எது முந்துகிறதோ அதுவரை குழந்தை இருக்கை. ஜெர்மனியில் 150 சென்டிமீட்டர். ஐரோப்பிய நாடுகளில் நடப்பில் உள்ள ஆர்129 விதிப்படி தயாரான இருக்கையில் 15 மாதம் முடியும்வரை குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்தே உட்கார வேண்டும். கழுத்து அவ்வளவு இளசு.

வளர்ந்த பிள்ளைக்கு பூஸ்டர், அதாவது பெல்ட் சரியாகப் படிய உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை, எதற்கு என்று சம்பந்தி அம்மா கேட்டார். ஆறு வயதுப் பேத்தியை வெறும் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிக் காட்டினேன். மேல்பட்டை கழுத்தை அறுத்தது; அவளே அதைக் கையால் தள்ளி அக்குளுக்குக் கீழே விட்டுக்கொண்டாள். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறி நின்றது. பூஸ்டரில் ஏற்றியதும் மேல்பட்டை தோளின் நடுவிலும், கீழ்ப்பட்டை இடுப்பெலும்பிலும் படிந்தன. அடியை எலும்பு தாங்கும். வயிற்றுக்குள் கல்லீரலும் குடலும் அல்லவா இருக்கின்றன!

ஏற்காட்டுக்கு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகள். குழந்தை அழுகிறான் என்று பாதி வழியில் பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றாதீர்கள். அகலமான இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, பசியாற்றி, மறுபடி மாட்டிவிட்டுக் கிளம்புங்கள். தாமதமானால் ஆகட்டும், ஏரி எங்கும் போய்விடாது.

குளிருக்கு மொத்தமான ஸ்வெட்டரைப் போட்டு அதன்மேல் பட்டையை இழுப்பதும் ஆபத்து. இறுகியதுபோலத் தெரியும், மோதும்போது பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். ஸ்வெட்டரைக் கழற்றி, பட்டையை மாட்டி, தோளருகே இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். அதன் பிறகு மேலே சால்வையைப் போர்த்துங்கள்.

வாடகைக் காரில் போகிறவர்களுக்கு ஒன்று. பின்சீட் பெல்ட்டின் கொக்கி பல வண்டிகளில் சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். பூஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறுவதற்கு முன்பே அந்தக் கொக்கியை வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஓட்டுநர் தம்பி மறுத்தால் வேறு வண்டியைக் கூப்பிடுங்கள்.