பிறை பார்க்காத பெருநாள்

கூத்தாநல்லூரில் நோன்புப் பெருநாள் என்றைக்கு என்பது முதல் நாள் இரவு வரை யாருக்கும் தெரியாது. மஃரிபு, அதாவது அந்தித் தொழுகை, தொழுதுவிட்டு மொட்டைமாடியில் நிற்போம். அங்கே தெரிந்ததாம், இங்கே தெரியலையாம் என்று ஊருக்கு ஊர் போன் பறக்கும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன பிறகுதான் அம்மா கறிக்கு ஆள் அனுப்புவார்.

சிங்கப்பூர் வந்த புதிதில் அந்தத் தவிப்பு இல்லாததுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. 2024ஆம் ஆண்டுக் காலண்டரில் ஏப்ரல் 10, புதன், ஹரி ராயா புவாசா (நோன்புப் பெருநாளுக்கு மலாய்ப் பெயர்) என்று முன்கூட்டியே அச்சடித்துவிட்டார்கள். எல்லாம் வானியல் கணக்கு. முதல் நாள் மாலை மார்க்கத் தலைவரான முஃப்தி முறைப்படி அறிவிப்பார், அவ்வளவுதான். கூட வேலை பார்க்கும் சீனத் தோழி ஜனவரியிலேயே, "மறுநாளும் லீவு போடுகிறாயா?" என்று கேட்டாள். அரசு விடுமுறை அந்த ஒரு நாள்தான். பிறை தெரியட்டும், சொல்கிறேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பெருநாள் காலை, இரண்டு வீடு தள்ளியிருக்கும் மலாய் மக்சிக் என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனார். மக்சிக் என்றால் அத்தை மாதிரி. எங்கள் ஊர்த் தெருவில் பெண்கள் வீட்டிலேயே தொழுதுகொள்வார்கள். பள்ளியில் பெருநாள் தொழுகை எனக்கு அதுதான் முதல்முறை. ஒரு குடும்பம் முழுக்கப் பச்சை, இன்னொரு குடும்பம் முழுக்க ஊதா. பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே நிறம். இறைவனைப் போற்றிச் சொல்லும் தக்பீர் நம் ஊரில் கம்பீரமாக ஒலிக்கும். இங்கே இழுத்து இழுத்து, ஏதோ இழந்தவர்கள் பாடுவதுபோலச் சொன்னார்கள். பக்கத்தில் மக்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தொண்டை அடைத்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு தட்டு வந்தது: ரெண்டாங் என்கிற கறி, கூடவே நான்கு கெதுபாட். தென்னங்குருத்தைப் பெட்டிபோல முடைந்து, அரிசியைப் போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பது. கொழுக்கட்டை இலை மாதிரி பிரித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கால்மணி நேரம் முடிச்சோடு மல்லாடி, நகம் உடைந்ததுதான் மிச்சம். கடைசியில் கரண்டிக் காம்பால் நோண்டி நோண்டிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட கையோடு ஊருக்கு வீடியோ கால். "ஈத் முபாரக் அத்தா" என்றேன். அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இங்க பிறை தெரியலம்மா. நாங்க நோன்பு" என்றார். பின்னால் அம்மாவின் குரல்: "நீ சாப்பிட்டியா, அதைச் சொல்லு." தமிழ்நாட்டில் பெருநாள் மறுநாள்தான். ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெருநாள். லீவு போட்டிருக்கலாம்.

மறுநாள் வியாழன். ஊரில் தொழுகை முடிந்து அவர்கள் கூப்பிட்டபோது அலுவலகத்தில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். சரி, பெருநாள் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் மக்சிக் கதவைத் தட்டினார். "இன்னும் நீ என் வீட்டுக்கு ராயாவுக்கு வரவே இல்லை."

"பெருநாள்தான் போய்விட்டதே மக்சிக்?"

"ஷவ்வால் இன்னும் இருக்கிறதே!"

மலாய்க்காரர்களுக்கு நோன்பு மாதத்தை அடுத்து வரும் அந்த மாதம் முழுக்க ராயாதானாம். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக மண்டியிட்டு, மக்சிக்கின் கையை முத்தமிட்டு, "மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்" என்றார்கள். வெளியே செய்த பிழையையும் உள்ளே நினைத்த பிழையையும் பொறுத்துக்கொள் என்று அர்த்தம். ஆளுக்கொரு பச்சை உறையில் பெருநாள் காசு. வேலைக்குப் போகிறேன் என்று எவ்வளவு சொல்லியும் எனக்கும் ஒன்றைத் திணித்தார்.

அப்புறம் கெதுபாட் வந்தது. நான் முடிச்சைத் தேடுவதைப் பார்த்துவிட்டு மக்சிக் கத்தியை எடுத்தார். ஓலையோடு சேர்த்து நடுவே ஒரே வெட்டு. இரண்டு பாதியும் தோல் உரிந்த மாதிரி தட்டில் விழுந்தன.