சின்னக் கறுப்பு

எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று நான் வரைந்த வலைப்பின்னலின் நடுவில் மூன்று வாரமாக ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த பூச்சி, ஒரு பூச்சியே இல்லை. போன ஞாயிறு ராத்திரிதான் அது உறைத்தது.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பு, அதை ஒட்டிய வரப்பு, இரண்டும்தான் களம். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் வாரம் இரண்டு நாள், காலை 7 மணியிலிருந்து 10 வரை, செடிக்குப் பத்து நிமிடம் நின்று யார் வந்தார்கள் என்று குறித்தேன். மா, ஆவாரை, தும்பை, எருக்கு, உண்ணிச்செடி, துத்தி, நெருஞ்சி, கொள்ளு, துவரை, வெட்டுக்காயப்பூண்டு, முருங்கை என்று 11 செடிகள். பூச்சிகள் 19 வரிசை. இணைப்புகள் 74. சாத்தியமான 209 கட்டங்களில் 74, அதாவது அடர்த்தி 0.354. சின்ன இடத்துக்கு மோசமில்லை என்று தோளைத் தட்டிக்கொண்டேன்.

‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில், இப்படிப்பட்ட வலைப்பின்னல்களுக்கான பைபார்டைட் தொகுப்பைப் போட்டுப் படம் வரைந்தால், தடியான ஒரு பட்டை 9 செடிகளுக்குக் கிளை விரித்து நிற்கிறது. (தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வெறும் கட்டங்களாக வந்தன. எழுத்துரு மாற்றவே ஒரு சாயங்காலம் போனது, அந்தக் கதை வேண்டாம்.) அதிக இணைப்புள்ள பூச்சியிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கி, எந்தச் செடி தனித்துப்போகிறது என்று பார்க்கும் சோதனையையும் ஓட்டினேன். முதலில் போவது அந்தத் தடிப் பட்டைதான். நண்பர்களுக்குப் படத்தை அனுப்பிப் பீற்றிக்கொண்டேன். ஒருவர் மட்டும், “இது எந்தக் குடும்பம்?” என்று கேட்டார்.

நோட்டைப் புரட்டினால் அந்த வரிசையின் பெயர் ‘சின்னக் கறுப்பு’. அவசரத்தில் அடையாளம் தெரியாததையெல்லாம் நானே போட்டு வைத்த குப்பைக்கூடை. என் தோப்பின் மிக முக்கியமான உயிரினம் என் அறியாமைதான்!

பிரிக்க உட்கார்ந்தேன். மொத்தம் 212 வருகை, அதில் போட்டோ இருந்தது 131. முதலில் பார்க்க வேண்டியது இறக்கை. ஒரே ஜோடி என்றால் ஈ. மாம்பூவில் பாதிக்கு மேல் ஈக்கள்தான், அதில் ஆச்சரியமில்லை. இரண்டு ஜோடி இருந்தால் அடுத்து பின்னங்கால். அகன்று பளபளவென்று, அதில் மகரந்தம் உருண்டையாக ஒட்டியிருந்தால் கொசுத்தேனீ. காலில் முடி அடர்ந்து மகரந்தம் மாவு பூசியதுபோல இருந்தால் ஹாலிக்டிட் குடும்பத்துத் தேனீ. காலில் அவ்வளவு முடியில்லாமல், உடம்பு உருளையாக, முகத்தில் வெளிர் அடையாளம் தெரிந்தால் செரட்டினா என்ற குட்டித் தச்சுத் தேனீ. இது காய்ந்த உண்ணிச்செடிக் குச்சிக்குள் கூடு கட்டும், வேலியில் குச்சியைப் பிளந்தாலே பார்க்கலாம். சொல்ல எளிது. ஆனால் பூச்சி இறக்கையை முதுகின்மேல் மடித்து வைத்துக்கொண்டால் ஒரு ஜோடியா இரண்டா என்று போனில் பிடித்த படத்தில் தெரியவே தெரியாது. ஆவாரையின் மஞ்சள் இதழ் ஒளியைத் திருப்பி அடித்துக் காலையும் மறைத்துவிடும். ஒரு படத்துக்கு இருபது நிமிடம் செலவழித்திருக்கிறேன், பொய்யில்லை.

போட்டோ இல்லாத 81-ஐ என்ன செய்வது? அதே விகிதத்தில் நான்குக்கும் பங்கு போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது இல்லாத தரவை நானே எழுதுவது மாதிரி. தூக்கி எறிந்துவிட்டேன், வயிறு எரிந்தது. ஒரு வரிசை நான்காகி 22 வரிசை, 79 இணைப்பு. அடர்த்தி 0.326-க்கு இறங்கியது. பூச்சிகள் பூக்களை எவ்வளவு தேர்ந்தெடுத்துப் போகின்றன என்று சொல்லும் எச்2 பிரைம் என்ற அளவு 0.31-லிருந்து 0.44-க்கு ஏறியது. எல்லோரும் எல்லாப் பூவுக்கும் போவதில்லை, நான்தான் அப்படிக் கலந்து வைத்திருந்தேன்.

அப்புறம் நெஸ்டட்னஸ், அதாவது சில பூக்களுக்கு மட்டும் போகும் பூச்சியின் பட்டியல், பல பூக்களுக்குப் போகும் பூச்சியின் பட்டியலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா என்பது. 2003-இல் சூழலியலாளர் பாஸ்கோம்ப்டே குழு 52 வலைப்பின்னல்களை வைத்து இந்த அடுக்கைப் பற்றிச் சொன்னதிலிருந்து இதைப் பார்க்காமல் யாருக்கும் தூக்கம் வராது, எனக்கும்தான். முதலில் கட்டங்களை இஷ்டத்துக்குக் குலுக்கிப் போடும் ‘ஷஃபிள்’ என்ற தற்செயல் மாதிரியோடு ஒப்பிட்டபோது என் வலைப்பின்னல் அமோகமாக அடுக்கியிருந்தது. அந்த மாதிரிக்கு எந்தப் பூ அதிகம், எந்தப் பூச்சி அதிகம் என்ற கவலையே இல்லை. மொத்தங்களையும் அடர்த்தியையும் கணக்கில் எடுக்கும் ‘வாஸ்நல்’ என்ற இன்னொரு தற்செயல் மாதிரி கொண்டு 1000 முறை ஓட்டியதும், என் அடுக்கு மதிப்பு 46, அந்த மாதிரியின் சராசரி 49-க்குப் பக்கத்தில் சாதுவாக நின்றது. நிறைய இருக்கும் பூச்சி நிறைய இருக்கும் பூவைச் சந்திக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு உறுத்தல். ஆவாரையில் தேன் கிடையாது. மகரந்தப்பையின் நுனித் துளை வழியே தூள் உதிர, தச்சுத் தேனீயோ நீலப்பட்டைத் தேனீயோ வந்து உடம்பை அதிர வைக்க வேண்டும். கொசுத்தேனீ வந்து இதழில் சிந்தியதைப் பொறுக்கிப் போகிறது. என் அட்டவணையில் இரண்டுமே ‘வருகை’. ஃபுக்சின் என்ற சாயம் கலந்த ஜெல்லியால் பூச்சியின் உடம்பை ஒற்றி, மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஜெலட்டின் வாங்கியாயிற்று, ஃபுக்சின் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். பூச்சியைக் குத்தி வைக்கும் ஊசி ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: எனக்கு வந்த நூறில் பாதி துருப்பிடித்தவை. வலை மட்டும் பழைய கொசுவலையில் சித்தி தைத்துக் கொடுத்தது, கடை வலையைவிட நன்றாக உழைக்கிறது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா பூ நேரத்தில் தத்துப்பூச்சிக்குக் காலையிலேயே மருந்தடிப்பார். “சாயங்காலம் அடிங்க பெரியப்பா” என்று கேட்டதற்கு, “ஈ எண்றதுக்கு நான் நேரம் பாக்கணுமாப்பா?” என்றார். ஆனாலும் கடைசி இரண்டு தடவை ஐந்து மணிக்கு மேல்தான் அடித்தார்.

மாட்யூல் கணக்கு, அதாவது எந்தப் பூவும் பூச்சியும் தனிக் கூட்டமாகச் சேர்கின்றன என்று பார்ப்பது, இன்னும் பாக்கி. அதற்குள் புங்கை மொட்டு விட்டுவிட்டது. நேற்றுக் காலை போய் நின்றேன். நோட்டில் புதிதாக ஒரு வரிசை: ‘சின்னப் பழுப்பு’.